கழுவி வைத்த தட்டுகள்

மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கண்காட்சி நடந்த கூடத்துக்குத் திரும்பினேன். எங்கள் பள்ளிக்கு ஒதுக்கிய மேசையில் மூன்று சத்துணவுத் தட்டுகள் இருந்தன. காலையில் நாங்கள் வைத்த அதே தட்டுகள்தான். ஆனால் மூன்றையும் யாரோ நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். மேல் தட்டில் இன்னும் ஈரம் காயவில்லை. பாத்திர சோப்பு வாசனை வந்தது.

மேசைக்குப் பின்னால் கிருபா நின்றிருந்தாள். ஐந்தாம் வகுப்பு மாணவி. நெஞ்சில் பள்ளியின் பெயர் எழுதிய அட்டையைக் குத்தியிருந்தாள். அழவில்லை. சாப்பிடப் போய்விட்டு வருவதற்குள் யாரோ கழுவிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னாள். அவள் குரல் அவ்வளவு சின்னதாக நான் கேட்டதே இல்லை.

பிறகு ஒன்று கேட்டாள். "டீச்சர், நம்ம மேல தப்பா?"

வருஷங்கள் ஆகிவிட்டன. கொரோனாவுக்காக மூடிய பள்ளிகள் திறந்து, பிள்ளைகள் மறுபடியும் பெஞ்சில் உட்காரப் பழகிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கேள்வியை நினைத்தால் இப்போதும் எனக்கு மூச்சு சூடாகிறது.

இரண்டு தண்டவாளம், ஒரு மாவட்டம்

நான் மணவாள நகரில் பிறந்து வளர்ந்தவள். வேலை கிடைத்தது கும்மிடிப்பூண்டிப் பக்கம். இரண்டும் ஒரே மாவட்டம்தான், ஆனால் ரயில் பாதை வேறு. மின்சார ரயிலில் வருவதென்றால் சென்னை வரை போய், அங்கே வண்டி மாறி, மறுபடி வடக்கே வர வேண்டும். ஒரு வருஷம் அப்படி அலைந்தேன். பிறகு பொறுக்க முடியாமல் பள்ளிக்கு அருகிலேயே வாடகைக்கு வீடு பிடித்தேன்.

வீடு பிடித்த பிறகுதான் அந்த ஊர்த் தண்ணீர் எனக்குப் பழக்கமானது. முதல் நாள் அரிசி கழுவினேன். சோறு லேசாகப் பழுப்பாக வெந்தது. பழைய அரிசி போலிருக்கிறது என்று கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் சிரிக்கவே இல்லை. கேன் தண்ணியில வடிச்சுப் பாருங்க என்றார். வடித்தேன். சோறு வெள்ளையாக இருந்தது.

எங்கள் தெருவில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் பிறர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். வயல்கள் ஆலைகளாக மாறியதும் அதே நிலத்துக்கு சீருடை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்கள். சம்பளம் வந்தது, நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகள் காலில் செருப்பும் வந்தது. நல்ல தண்ணீர் மட்டும் போய்விட்டது.

மீன் வாசனை அடித்த ஐஸ்

ஐந்தாம் வகுப்புக்கு நீர் சுழற்சிப் பாடம். கடல் நீர் ஆவியாகிறது, மேகமாகிறது, மழையாகிறது, மறுபடி கடலுக்குப் போகிறது. படத்தில் நீல அம்புக்குறிகள் அழகாக வளைந்து ஓடும். படம் காட்டி ஒப்பிக்க வைத்தால் அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். எனக்கு அது பிடிக்காது. பிள்ளைகள் தொட்டுப் பார்க்க வேண்டும்.

பழவேற்காட்டிலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் தனலட்சுமி அக்காவிடம் சொல்லி வைத்தேன். மீன் பெட்டியிலிருந்து ஒரு கை ஐஸும் ஒரு பாட்டில் கடல் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார். "கடல் தண்ணிய இன்னா பண்ணப் போற டீச்சரு, குழம்பு வெக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டு, காசு வாங்காமல் போனார்.

சத்துணவுக் கூடத்தில் ஒரு குண்டான் நிறைய வெந்நீர் வைத்தோம். மேலே ஒரு தட்டை மூடி, தட்டின் மேல் ஐஸைப் பரப்பினோம். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டைத் தூக்கித் திருப்பினால் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். பிள்ளைகள் விரலால் தொட்டுப் பார்த்தார்கள். ஐஸ் மீன் வாசனை அடிக்கிறது, ஆனால் தட்டுக்கு அடியில் இருக்கும் தண்ணீரில் மீன் வாசனை இல்லை என்று முதலில் கண்டுபிடித்தவள் கிருபா. இரண்டையும் முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். அந்தத் தண்ணீர் ஐஸிலிருந்து வரவில்லை, கீழிருந்து ஆவியாக வந்தது என்பதற்கு எனக்கு அதைவிட நல்ல விளக்கம் கிடைத்திருக்காது.

அடுத்து வெயில் சோதனை. ஒரு தட்டில் கடல் தண்ணீர், இன்னொன்றில் மொட்டை மாடியில் பிடித்த மழைத் தண்ணீர். இரண்டையும் ஜன்னல் திட்டில் வெயில் படும்படி வைத்தோம். கடல் தண்ணீர் காய்ந்தால் உப்பு நிற்கும், மழைத் தண்ணீர் காய்ந்தால் ஒன்றும் நிற்காது. தண்ணீர் மேலே போகும்போது தன்னோடு இருந்ததைக் கீழேயே விட்டுவிட்டுப் போகிறது, அதனால்தான் உப்புக் கடலிலிருந்து நல்ல மழை வருகிறது. இதைச் சொல்லிப் பாடத்தை முடிப்பதுதான் என் திட்டம்.

மூன்றாவது தட்டு

மறுநாள் காலை பார்த்தால் ஜன்னல் திட்டில் மூன்று தட்டுகள் இருந்தன. மூன்றாவது யார் வைத்தது என்று கேட்டேன். கிருபா எழுந்து நின்றாள். பள்ளிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறாள். ஏன் வைத்தாய் என்று கேட்டதற்கு, இது எதை விட்டுவிட்டுப் போகிறது என்று பார்க்கலாமென்று வைத்தேன் டீச்சர் என்றாள்.

இப்படி ஒரு பிள்ளை வகுப்பில் இருந்தால் டீச்சருக்கு வேறென்ன வேண்டும்? அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். தட்டில் என்ன நிற்கப் போகிறது என்று நான் யோசிக்கவே இல்லை.

மழை விட்டு நல்ல வெயில் அடித்த வாரம் அது. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. பிள்ளைகள் மணி அடிக்கும் போதெல்லாம் ஓடிப் போய்ப் பார்த்தார்கள். கடைசியில் கடல் தட்டில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. மழைத் தட்டில் கொஞ்சம் தூசி, அவ்வளவுதான். பள்ளிக் குழாய்த் தட்டில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு படலம் ஒட்டியிருந்தது. ஓரத்தில் கொஞ்சம் பச்சை. காய்ந்த சேறு மாதிரி விரிசல் விட்டிருந்தது. நகத்தால் சுரண்டினேன். நகத்தில் ஏறிய நிறம் இரண்டு நாள் போகவில்லை.

பின் பெஞ்சுப் பையன்கள் பஜ்ஜி மாவு என்று சிரித்தார்கள். கிருபா சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள். "இத்த தான நாங்க குடிக்கிறோம், டீச்சர்."

ஆசிரியர்கள் நாங்கள் வீட்டிலிருந்து பாட்டிலில் கேன் தண்ணீர் கொண்டு வருவோம். பிள்ளைகள் குழாயில் வாய் வைத்துக் குடிப்பார்கள். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்கும், தலைமை ஆசிரியருக்கும், வருஷா வருஷம் வந்து பார்த்துவிட்டுப் போகிற அதிகாரிகளுக்கும். வந்தவர்கள் ஒருவர்கூட அந்தக் குழாயில் ஒரு வாய் குடித்ததில்லை.

யாரும் சொல்லல சார்

அந்தத் தட்டுகளை வட்டார அறிவியல் கண்காட்சிக்குக் கொண்டு போகலாம் என்றவர் எங்கள் தலைமை ஆசிரியர்தான். நல்ல மனிதர், ஓய்வுக்குக் கொஞ்ச காலமே இருந்தது. எளிமையான சோதனை, செலவில்லை, பிள்ளையே விளக்கிச் சொல்கிறாள், பரிசு கிடைக்கும் என்றார். கண்காட்சிக்குப் பந்தலும் சாப்பாடும் ஓர் ஆலையின் உபயம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. அங்கே போய் மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பெரிய பேனரைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

காலையில் அந்த ஆலையின் அதிகாரி ஒருவர் மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். முப்பது வயதுதான் இருக்கும். மரியாதையாகத்தான் பேசினார். எரிமலையைப் பாராட்டினார், காற்றாலையைப் பாராட்டினார், கிருபா எதிரில் வந்து நின்றார். அவள் குண்டானில் தொடங்கி, ஆவி, மேகம், மழை என்று தடங்கல் இல்லாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். தட்டுகளுக்கு வந்ததும், "இது கடல் தண்ணி சார், உப்ப உட்டுட்டுப் போச்சு. இது மழைத் தண்ணி, ஒண்ணியும் உடல. இது எங்க ஸ்கூல் தண்ணி" என்று மூன்றாவதைக் காட்டினாள்.

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. குனிந்து பார்த்தார். "இந்த மாதிரி சொல்லணும்னு யாரு சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல சார். வெயில்ல வெச்சோம்" என்றாள் கிருபா.

அவர் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். கொஞ்ச நேரத்தில் கல்வித் துறை அதிகாரி ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மூன்றாவது தட்டை எடுத்துவிடுங்கள், பாடப் புத்தகத்தில் கடல் நீரும் மழை நீரும் மட்டும்தானே இருக்கிறது என்றார். எதில் தவறு இருக்கிறது என்று கேட்டேன். தவறு என்று சொல்லவில்லை, தேவையில்லை என்கிறேன் என்றார். ஒரு பிள்ளை தானாக வைத்த தட்டை என் கையால் எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதனால்தான் நான் சாப்பிடப் போன நேரத்தில் வேறு யாரோ எடுத்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. கூடத்தில் இருந்த ஒருவரும் பார்க்கவில்லையாம். எடுத்து எறிந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. சோப்புப் போட்டுத் தேய்த்து, உப்புத் தட்டையும் மழைத் தட்டையும் சேர்த்துக் கழுவி, திருப்பி வைத்திருக்கிறார்கள். பத்து வயதுப் பெண் ஒரு வாரம் காத்திருந்து பார்த்த ஒரு விஷயத்தை, எச்சில் தட்டைக் கழுவுகிற மாதிரி கழுவியிருக்கிறார்கள்.

நம்ம மேல தப்பா என்று அவள் கேட்டாளே, அதற்கு இல்லை என்று சொன்னேன். நடுவர்கள் வந்தார்கள். வெறும் தட்டுகளைப் பார்த்து இது என்ன என்று கேட்டார்கள். இதில் இருந்ததை யாரோ கழுவிவிட்டார்கள் என்று கிருபா சொன்னாள். நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்கள்.

மோசஸ் வந்தார்

இரண்டு நாள் கழித்துக் கிருபாவின் அப்பா மோசஸ் பள்ளிக்கு வந்தார். கண்காட்சிக்குப் பந்தல் போட்ட அதே ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. இரவு ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். கண் சிவந்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

சூப்பர்வைசர் அவரைக் கூப்பிட்டு, உன் பெண் நன்றாகப் பேசுகிறாளாமே என்று சிரித்தபடி கேட்டாராம். வேறு ஒரு வார்த்தையும் சொல்லவில்லையாம். மோசஸுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"நீங்க சொல்றது தப்புன்னு நான் சொல்ல வரல டீச்சர். தண்ணி எப்பிடி கீதுன்னு எனக்குத் தெரியாதா, நானும் அத்த தான குடிச்சிக்கினு கீறேன். ஆனா பொண்ணு பேரு இதுல வேணாம்" என்றார்.

என் கோபத்தை அவர் மேல் காட்ட முடியுமா? அவர் பயந்ததில் என்ன தவறு? ஒருவரை மிரட்டக்கூட வேண்டாம், சிரித்தபடி ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்கிற நிலையில் அவரை வைத்திருந்தவர்கள் மேல்தான் எனக்கு ஆத்திரம். சரி, அவள் பெயரை எங்கும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இங்கே எழுதியிருப்பதும் அந்த வீட்டாரின் உண்மைப் பெயர்கள் அல்ல. அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு எனக்கு இன்னும் உறுத்துகிறது.

தெருவெல்லாம் தட்டு

ஆனால் அதற்குள் விஷயம் எங்கள் கையை விட்டுப் போயிருந்தது. வகுப்பில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் வீட்டில் போய்த் தட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை கடைக்குப் போகும்போது பார்த்தேன். ஓட்டின் மேல் தட்டு, தண்ணீர் டிரம் மூடி மேல் தட்டு, நின்றிருந்த ஆட்டோவின் கூரை மேல் தட்டு. ஒரு வீட்டில் ரசம் ஊற்றும் கிண்ணத்தில்கூட வைத்திருந்தார்கள். துணி துவைக்கிற பெண்கள் நடுவில் எழுந்து போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

எல்லாத் தட்டிலும் அதே மஞ்சள். ஊர் ஏரிப் பக்கத்து வீடுகளில் இன்னும் அடர்த்தியாக.

அந்தத் திங்கட்கிழமை தாய்மார்கள் தட்டுகளோடு பள்ளி வாசலில் வந்து நின்றார்கள். கிருபாவின் அம்மா லில்லியும் வந்திருந்தாள். வீட்டுக்காரர் வேண்டாம் என்றாரே என்று கேட்டேன். "அவரு பொண்ணு பேரத்தான் வேணாம்னாரு. எம் பேர ஒண்ணியும் சொல்லல" என்றாள்.

கூட்டமாக வந்து நின்றதால் பலன் இருந்தது. அதிகாரிகள் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். முடிவு என்ன என்று எங்களுக்குச் சொல்லவில்லை. ஆனால் பள்ளிக் குழாயின் மேல் சிவப்புப் பெயிண்டில், குடிக்க உகந்ததல்ல என்று எழுதிவிட்டுப் போனார்கள். வருஷக்கணக்காகக் குடித்த பிள்ளைகளுக்கு அந்த ஒரு வரிதான் பதில். எழுதப் படிக்கத் தெரியாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதற்குப் பிறகும் அதில் குடித்தார்கள். நான்தான் குழாயைக் கம்பியால் கட்டினேன்.

இலவச இயந்திரம்

சில வாரத்தில் அந்த ஆலை பள்ளிக்கு ஒரு சுத்திகரிப்பு இயந்திரம் தந்தது. அந்தத் தண்ணீரைக் கெடுத்தது அவர்கள்தான் என்று நான் சொல்ல மாட்டேன். சுற்றிலும் எத்தனையோ ஆலைகள். எதிலிருந்து எது கசிகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? கண்டுபிடிக்க வேண்டியவர்களுக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அவர்கள்தான் கண்டுபிடிக்கவில்லை.

இயந்திரம் வேண்டாம் என்று நான் தலைமை ஆசிரியரிடம் சண்டை போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாளைக்குக் காலையில் பிள்ளைகள் எதைக் குடிப்பார்கள் என்று மட்டும் கேட்டார். அவர் கேட்டது நியாயம். நியாயமாக இருந்ததுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

திறப்பு விழா நடந்தது. ரிப்பன், மாலை, இயந்திரத்தை விடப் பெரிதாகப் பெயர்ப் பலகை. மேடையில் அந்தச் சிரித்த முக அதிகாரியும் இருந்தார். பெற்றோர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். நன்றியுரை சொல்லச் சொன்னார்கள் என்னை. முடியாது என்றேன். வேறொரு ஆசிரியை சொன்னார்.

இயந்திரத்தைப் பொருத்த வந்தவர் எல்லாருக்கும் விளக்கினார். நல்ல தண்ணீர் இந்தக் குழாயில் வரும், மிச்சக் கழிவுத் தண்ணீர் அந்தக் குழாயில் வெளியே போய்விடும் என்றார். கைதட்டினார்கள். ஏதாவது சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்று மைக்கில் சொன்னார்கள். அப்படிச் சொல்வது வழக்கம். யாரும் கேட்பதில்லை.

பின் வரிசையில் மோசஸ் எழுந்தார். ஆலைச் சீருடையிலேயே வந்திருந்தார். லில்லி அவர் சட்டையைப் பிடித்து இழுத்ததைப் பார்த்தேன். அவர் உட்காரவில்லை.

"அந்த இன்னொரு தண்ணி எங்க சார் போவுது?"

பொருத்த வந்தவர் பின்பக்கக் கால்வாயைக் காட்டினார்.

"அந்தக் கால்வா ஏரிக்குத் தான சார் போவுது. ஏரிக்குப் பக்கத்துல தான எங்க தெரு போர் கீது. இங்க பில்டர் பண்ணி எடுத்தத்த எல்லாம் சேத்து எங்க ஊட்டுக்கே அனுப்புறீங்க."

குரலை உயர்த்தவில்லை. சண்டைக்கும் வரவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் மாதிரிதான் கேட்டார். மேடையில் இருந்தவர்கள் ஒருவர் காதில் ஒருவர் பேசிக்கொண்டார்கள். நல்ல கேள்வி, இதை நிச்சயம் பரிசீலிப்போம் என்று அதிகாரி சொன்னார். தேசிய கீதம் பாடினார்கள்.

கேட்டவருக்குக் கிடைத்தது

அந்த மாதம் முடிந்ததும் மோசஸுக்கு ஆலைக்குள் போகும் கேட் பாஸைப் புதுப்பிக்கவில்லை. ஆள் குறைப்பு என்று ஒப்பந்தக்காரர் சொன்னாராம். குறைத்தது அவர் ஒருவரை மட்டும்.

நான் அவர் வீட்டுக்குப் போனேன். என்ன பேசுவது என்று தெரியாமல் போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து சின்னவனுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். பொண்ணு பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீங்களே ஏன் எழுந்தீர்கள் என்று கேட்டேன். சின்னவனுக்கு வகிடு எடுத்துவிட்டுச் சொன்னார்.

"கண்காச்சிக்குப் போய்ட்டு வந்ததுலேர்ந்து அவ ஊட்ல பேசவே இல்ல டீச்சர். எத்த கேட்டாலும், எனக்குத் தெரியாதுப்பான்னு சொல்லிக்கினு இருந்தா. தெரிஞ்சிக்கினே தெரியாதுன்னு சொல்றா. அத்த பாக்க முடியல."

அவ்வளவுதான் சொன்னார். லில்லி டீ கொண்டுவந்து வைத்தாள். கேன் தண்ணியில போட்டது, குடிங்க டீச்சர் என்றாள்.

மோசஸ் இப்போது எளாவூரில் லாரிகளில் சரக்கு ஏற்றி இறக்கும் கிடங்கில் வேலை செய்கிறார். வேலை கடினம், வயதும் ஏறுகிறது. கால்வாய் இன்னும் ஏரிக்குத்தான் போகிறது. அந்தச் சிரித்த முக அதிகாரிக்குப் பதவி உயர்வு கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன். தட்டை எடுக்கச் சொன்னவருக்கும், பெயிண்டில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனவர்களுக்கும், தண்ணீரை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்களுக்கும் ஒரு நாள் சம்பளம்கூடக் குறையவில்லை. இந்த முழுக் கதையிலும் வேலையை இழந்தவர் ஒரே ஒருவர். தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டவர்.